எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்

மதுரையில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் எந்தக் குழந்தைக்காவது நரம்பு கிடைக்கவில்லை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான். வயிற்றுப்போக்கில் நீர் வற்றிப்போய் வந்த ஆறு மாதக் குழந்தை, கொழுகொழுவென்று இருப்பதால் கையில் ஒரு பச்சைக் கோடுகூடத் தெரியாத குழந்தை, இரண்டு பேர் நான்கு இடத்தில் குத்திப் பார்த்துக் கைவிட்ட குழந்தை, எல்லாம் கடைசியில் என் மேஜைக்குத்தான் வரும். ஆயா மணிக்கட்டை இறுக்கிப் பிடிப்பார். அம்மாவிடம் "காலைப் பிடிச்சுக்கங்கம்மா, நீங்க இங்க பாக்காதீங்க" என்பேன். குழந்தையிடம் "எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் தங்கம்" என்று சொல்லி முடிப்பதற்குள் மஞ்சள் நிற வென்ஃப்ளான், நரம்புக்குள் வைக்கிற மெல்லிய குழாய், உள்ளே போய், பின்னால் ரத்தம் வந்து நிற்கும். அப்புறம் பிளாஸ்டர், கை மடங்காமல் இருக்க ஒரு அட்டை, மேலே கட்டு. மொத்தம் மூன்று நிமிடம். "அந்தச் சிஸ்டருக்குக் கைராசி" என்று வெளியே பெஞ்சில் பேசிக்கொள்வது என் காதிலும் விழும். விழாதது போல நடப்பேன்.

2022 பிப்ரவரியில் இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்காக மான்செஸ்டரில் வந்து இறங்கினேன். அங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், லங்காஷயரில், பழைய மில் புகைபோக்கிகள் இன்னும் நிற்கிற ஒரு ஊர். முதல் வாரம் வகுப்பில் ஒரு அம்மா சிரித்த முகத்தோடு எல்லோருக்கும் ஒரு காகிதம் கொடுத்தார். பயிற்சி முடித்துக் கையெழுத்து வாங்கும்வரை நாங்கள் செய்யக்கூடாத வேலைகள் அதில் இருந்தன. நரம்பில் மருந்து கொடுப்பது கூடாது. ரத்தம் எடுப்பது கூடாது. கேனுலா போடுவது, அதாவது நம் ஊர் வென்ஃப்ளான், கூடாது. எட்டு வருடம் பழகிய கையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கோட்டயத்திலிருந்து வந்த சேச்சி, ஐசியூவில் பன்னிரண்டு வருடம் இருந்தவர், காகிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துவிட்டு "சாயா குடிக்கலாம் வா" என்றார்.

அனுபவத்தோடு வருகிற நர்ஸை இவர்கள் வேண்டுமென்றே சின்னப்பிள்ளை ஆக்குகிறார்கள் என்று அந்த வருடம் முழுவதும் கேட்பவர் கேளாதவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அதில் பாதியை நம்புகிறேன். மறுபாதி ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆட்டம் கண்டது. மூன்று வருடமாகியும் அது ஒரு பக்கமாகச் சாயவில்லை, அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

ரப்பர் கையிடம் அனுமதி

ஓஇடி என்கிற இங்கிலீஷ் பரீட்சை, சிபிடி என்கிற கம்ப்யூட்டர் பரீட்சை, நர்ஸிங் கவுன்சில் சான்றிதழ், விசா என்று வருகிற பாதையைப் பற்றி ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள், யூடியூபில் மலையாளத்தில் இன்னும் ஆயிரம் பேர் பேசிவிட்டார்கள், அதை நானும் சொல்லப்போவதில்லை. ஆஸ்கியைப் பற்றி மட்டும் கொஞ்சம். இங்கே வந்த பிறகு எழுதுகிற, எழுதுகிற என்ன, நடிக்கிற பரீட்சை அது. பத்து நிலையங்கள். நான்கில் ஒரே நோயாளியைப் பரிசோதித்து, திட்டம் எழுதி, மருந்து கொடுத்து, அடுத்த வார்டுக்கு ஒப்படைக்க வேண்டும். நான்கில் கைவேலை. இரண்டில் பேச்சே கிடையாது, எழுத்து மட்டும். கட்டணம் அப்போது 794 பவுண்டு, முதல் தடவை ஆஸ்பத்திரியே கட்டியது. தேறினால்தான் பதிவு எண், அதைப் பின் என்பார்கள். பின் வரும்வரை நாங்கள் நர்ஸ் இல்லை. கேர் அசிஸ்டென்ட் உடுப்பில் படுக்கை மாற்றி, குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தோம். அந்த வேலையை நான் குறைவாகச் சொல்லவில்லை. ஊரில் இதை நோயாளியோடு வந்திருக்கிற மகளோ மருமகளோ செய்வதால் நர்ஸுக்கு அது தெரியவே தெரியாது. ஒரு ஆளின் முதுகைத் துடைக்கும்போது அவரைப் பற்றித் தெரிகிற விஷயம் கேஸ் ஷீட்டில் வருவதில்லை என்பதை அந்த மூன்று மாதத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் தடவை நான் தோற்றது, சொன்னால் சிரிப்பீர்கள், ஊசி போடுகிற நிலையத்தில். மேஜைமேல் ஒரு ரப்பர் கை. மருந்தைச் சரியாக எடுத்தேன், இடத்தைச் சரியாகக் குறித்தேன், தொண்ணூறு டிகிரியில் ஒரே அழுத்து. ஆனால் அந்த ரப்பர் கையிடம் என் பெயரைச் சொல்லவில்லை, இந்த மருந்து எதற்கு என்று சொல்லவில்லை, "போடலாமா?" என்று கேட்கவில்லை. கேட்டால் அது பதில் சொல்லுமா என்று சேச்சியிடம் பொரிந்து தள்ளினேன். "கேட்டால்தான் பாஸ், கேட்டுட்டுப் போ" என்றார் அவர். அடுத்த தடவை கேட்டேன். பாஸ். அந்தக் கேள்வி பரீட்சைக்கான மந்திரம், உச்சரித்தால் கதவு திறக்கும் என்பதற்கு மேல் நான் ஒன்றும் யோசிக்கவில்லை.

பெயர் சொல்வதும் அப்படித்தான். நம் ஊரில் எந்த நோயாளிக்கு நர்ஸின் பெயர் தெரியும்? சிஸ்டர். அவ்வளவுதான். இங்கே சிஸ்டர் என்பது பதவி, வார்டுக்குப் பொறுப்பானவர். முதல் வாரத்தில் ஒருத்தரை மரியாதைக்காக சிஸ்டர் என்று நான் கூப்பிட, "ஐயோ, எனக்கு இன்னும் அந்த ப்ரமோஷன் வரலை" என்று அவர் சிரித்தார். இங்கே நர்ஸானாலும் டாக்டரானாலும் கட்டிலருகே போய் முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு இயக்கமே உண்டு. கேட் கிரேஞ்சர் என்று யார்க்‌ஷயரில் ஒரு டாக்டர். முப்பது வயதுக்கு முன்பே தீராத புற்றுநோய். 2013இல் தானே நோயாளியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, வந்து தொட்டவர்களில் பலர் பெயர்கூடச் சொல்லாமல் போவதைக் கவனித்து, 'ஹலோ, மை நேம் இஸ்' என்று ஆரம்பித்தார். 2016இல் முப்பத்துநான்கு வயதில் இறந்துபோனார். நான் வந்தபோது பாதிப் பேர் நெஞ்சில் அந்த மஞ்சள் பட்டை குத்தியிருந்தது. கதையைக் கேட்டுக் கண் கலங்கினேன், ஆனால் அது எனக்குச் சொன்ன கதை என்று தோன்றவில்லை. வெள்ளைக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாதவர்கள், அவர்களுக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டியிருக்கிறது, நமக்கெதற்கு என்றுதான் நினைத்தேன்.

ராத்திரி இரண்டு மணி

என் கோபத்துக்கு நியாயம் இருந்தது என்று காட்ட ஒரு ராத்திரியைச் சொல்ல வேண்டும். பதிவு எண் வந்து நீல உடுப்பு போட்டாகிவிட்டது, ஆனால் கேனுலா வகுப்புக்கு நவம்பரில்தான் இடம். எண்பத்திரண்டு வயதுப் பெரியவர் ஒருவர், இளமையில் பருத்தி மில்லில் நெசவுப் பகுதியில் இருந்தவர். எங்கள் மதுரையிலும் ஹார்விக்காரர்கள் கட்டிய மில் உண்டு என்று சொன்னதிலிருந்து என்னைப் பார்த்தால் தறிச் சத்தத்தை வாயால் செய்து காட்டுவார். சிறுநீர்த் தொற்று, நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் போய்க்கொண்டிருந்தது. ராத்திரி ஒன்றரைக்குப் பார்த்தால் கை வீங்கி, கேனுலா வெளியே தள்ளிவிட்டது. இரண்டு மணி டோஸ் நிற்கிறது.

இங்கே நாடித்துடிப்பு, மூச்சு, ஆக்சிஜன், ரத்த அழுத்தம், காய்ச்சல், நினைவு எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள், நியூஸ் டூ என்று பெயர். ஐந்து வந்தால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும், ஏழு வந்தால் அவசரம். அவருக்கு மூன்றிலிருந்து ஐந்தானது. கூப்பிட்டேன். ராத்திரிக்கு அத்தனை வார்டுக்கும் ஒரே ஒரு சின்ன டாக்டர், படிப்பு முடித்து நான்கு மாதம் ஆனவர். வேறொரு வார்டில் யாரோ விழுந்துவிட்டார்களாம், வருகிறேன் என்றார். அரை மணி கழித்து மறுபடி. மறுபடி. பெரியவரின் முழங்கைக்குக் கீழே, பெருவிரல் பக்கமாக, ஒரு நல்ல நரம்பு ஓடிக்கொண்டிருந்தது. தடவினால் ரப்பர் குழாய் போல எழும்பி வருகிறது. கேனுலா டிரே என் கைக்கெட்டும் தூரத்தில். கையும் இருக்கிறது, கண்ணும் இருக்கிறது, காகிதத்தில் கையெழுத்து மட்டும் இல்லை.

மூன்றே முக்காலுக்கு அந்தப் பையன் வந்தான். கண்ணெல்லாம் சிவந்து, இன்னும் சாப்பிடவில்லை என்றான். புறங்கையில் ஒரு குத்து, தப்பியது. இன்னொன்று, உடைந்தது. "இங்கே தொட்டுப் பாருங்கள்" என்று அவன் விரலைப் பிடித்து அந்த நரம்பின்மேல் வைத்தேன். ஏறியது. "உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டான். நான் என்ன சொல்ல. மருந்து இரண்டு மணி நேரம் தாமதம் என்று நான்தான் இன்சிடென்ட் ஃபார்ம் எழுதினேன். பெரியவர் தேறி வீட்டுக்குப் போனார். போகாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும். அந்த இரண்டு மணி நேரத்துக்கு யாரும் எனக்கு இன்றுவரை ஒரு நல்ல பதில் சொல்லவில்லை. இந்த நாட்டுப் பதிவேட்டில் இருக்கிற நர்ஸ்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் வெளிநாட்டில் படித்து வந்தவர்கள். அத்தனை கைகளையும் விமான டிக்கெட் போட்டுக் கூட்டிவந்து ஏன் மாதக்கணக்கில் கட்டி வைக்கிறார்கள் என்று கேட்டால், பாதுகாப்பு என்பார்கள். அந்த ராத்திரி யாருக்குப் பாதுகாப்பு?

"ஷார்ப் ஸ்க்ராட்ச்"

நவம்பரில் வகுப்பு முடிந்தது. அதற்குப் பிறகு ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க ஐந்து தடவை போட்டுக் காட்ட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து. முதல் ஆள் எங்கள் வார்டிலேயே எழுபத்தெட்டு வயது அம்மா ஒருவர். என்னைச் சோதிக்க வந்தவர் எங்கள் ப்ராக்டிஸ் எஜுகேட்டர், அதாவது வார்டில் நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். முப்பது வருட சர்வீஸ், ஆனாலும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பார். எனக்கு வாய் வராது, மேடம் என்றே முனகுவேன். நான் அன்றைக்குக் கொஞ்சம் ஆட்டம் காட்டத்தான் போனேன், ஒப்புக்கொள்கிறேன். பெயர் சொன்னேன், கைப்பட்டையில் பேரும் பிறந்த தேதியும் சரிபார்த்தேன், "போடலாமா" என்றேன், அவர் ம்ம் என்றார். எல்லாம் ஆஸ்கி வரிசையில். மேல்கையில் பட்டையை இறுக்கி, தடவி, துடைத்து, காயவிட்டு, இங்கே எல்லோரும் சொல்கிற அந்த வார்த்தையைச் சொன்னேன்: "ஷார்ப் ஸ்க்ராட்ச்." எறும்பு கடிக்கிற மாதிரி என்பதற்கு இவர்களுடைய சொல் அது, கூர்மையான ஒரு கீறல். எறும்பு அழகா கீறல் அழகா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த அம்மா "ஹேங் ஆன், லவ்" என்றார். அதற்குள் ரத்தம் பின்னால் வந்து நின்றுவிட்டது. இருபது விநாடி இருக்குமா. ஒரு சொட்டு சிந்தவில்லை.

அந்த அம்மா என்னைப் பார்க்காமல், எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்துச் சொன்னார்: "ஷீ இஸ் வெரி க்விக், இஸ்ன்ட் ஷீ?"

நான் "தேங்க் யூ" என்றேன்.

நிஜமாகவே பாராட்டு என்று நினைத்தேன். மதுரையில் அந்த வாக்கியத்துக்கு வேறு அர்த்தமே கிடையாது. 'சிஸ்டரு செம வேகம்' என்றால் கைராசி என்று பொருள். உள்ளுக்குள் குளிர்ந்துபோய் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தேன். டிரேயைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்ததும் எஜுகேட்டர் என்னைப் பொருட்கள் வைக்கிற அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். "அருமையான கை உனக்கு. இந்த வார்டில் யாருக்கும் இல்லை" என்றார். அப்புறம், "அவர் பொறு என்றார், கேட்டதா?" என்றார்.

கேட்டதுதான். காதில் விழுந்தது. ஆனால் அந்தச் சொல் எனக்கு ஒரு சத்தம், அவ்வளவுதான். ஊசி போடும்போது ஆட்கள் போடுகிற சத்தங்களில் ஒன்று, ஐயோ அம்மா மாதிரி. ஊசி கையில் இருக்கும்போது கேட்கிற எதுவும் என்னிடம் சொல்லப்பட்டதாக நான் எடுத்துக்கொண்டதே இல்லை. எட்டு வருடத்தில் ஒரு தடவைகூட இல்லை. அதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன், இங்கிலீஷில் வரவில்லை, தமிழிலும் வந்திருக்காது. அவர் காகிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. "இது கணக்கில் வேண்டாம், நாளைக்கு வேறொன்று பார்ப்போம்" என்றார். போகிறபோது, "அந்த அம்மாவுக்குப் போன மாதம் வேறு இடத்தில் ஏழு தடவை குத்தியிருக்கிறார்கள், மூச்சை இழுத்து விட்டுக்கொள்ள ஒரு நிமிடம் கேட்டிருக்கிறார்" என்றார்.

அன்றைக்கு பஸ்ஸில் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மதுரைதான் வந்துகொண்டிருந்தது. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிழவி ஒருத்தி, பேத்தியோடு வந்தவள், அவளுக்கே மயக்கம் வந்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதானது. "செத்த பொறு தாயி, சாமியக் கும்புட்டுக்கிறேன்" என்றாள். அவள் கும்பிடக் கையைத் தூக்க, அந்தக் கையை இழுத்து வைத்துப் போட்டேன். பிற்பாடு "நோவவே இல்ல தாயி" என்று கன்னத்தைத் தடவினாள். அந்தத் தடவலை நான் ரொம்ப நாள் நல்ல ஞாபகமாக வைத்திருந்தேன்.

கேட்க நேரம் யாரிடம் இருக்கிறது

இந்த இடத்தில் நான் திருந்திவிட்டேன், வெள்ளைக்காரி கண்ணைத் திறந்தாள் என்று முடித்தால் கட்டுரை நன்றாக இருக்கும், ஆனால் அது உண்மை இல்லை. மதுரையில் எங்கள் வார்டு நாற்பது கட்டில், ராத்திரிக்கு இரண்டு நர்ஸ். டெங்குக் காலத்தில் ஒரு கட்டிலில் இரண்டு குழந்தை. ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம் பொறுத்தால் கடைசிக் குழந்தைக்கு நாற்பது நிமிடம் தாமதம். அங்கே வேகம்தான் கருணை. இங்கே பகலில் எனக்கு எட்டுப் பேர். எட்டுப் பேரே அதிகம் என்று இங்குள்ளவர்கள் புலம்புகிறார்கள், 2022 டிசம்பரில் நர்ஸ்கள் இரண்டு நாள் வேலைநிறுத்தம்கூடச் செய்தார்கள், நியாயம்தான். ஆனால் ஒரு நிமிடம் பொறுக்கிற நாகரிகம் அந்த எட்டில் இருக்கிறது, என் நாற்பதில் இல்லை. ஆளைப் போடாமல் நாகரிகத்தை மட்டும் எதிர்பார்க்க முடியாது.

நம் நாட்டில் சட்டம் இல்லாமலும் இல்லை. 2008இல் சமீரா கோலி வழக்கில் நம் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: சுயநினைவுள்ள ஒரு வயதுவந்த பெண்ணுக்கு அறுவை செய்ய அவளுடைய சம்மதம்தான் வேண்டும், மயக்கத்தில் இருக்கும்போது அவள் அம்மாவிடம் வாங்கினால் போதாது. ஒரு சிகிச்சையின் ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் நோயாளியிடமே விளக்க வேண்டும் என்று பிரிட்டன் உச்சநீதிமன்றம் மான்ட்கமரி வழக்கில் சொன்னது 2015இல். தேதியைப் பார்த்தால் நாம் பின்தங்கியவர்கள் இல்லை. ஆனால் எங்கள் ஆஸ்பத்திரியில் சம்மதம் என்பது ஒரு ஃபார்ம். "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று வீட்டுக்காரரிடம் நீட்டுகிற ஃபார்ம். படுத்திருக்கிறவளிடம் கேட்பதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

அதனால் எனக்குள் இரண்டும் அப்படியே இருக்கின்றன. அந்த ராத்திரி இரண்டு மணி நேரத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அந்த அம்மாவின் "வெரி க்விக்" நினைவு வந்தால் காது சூடாகிறது. இப்போது என் பின்னால் வந்தவர்களுக்கு நானே பக்கத்தில் நின்று கையெழுத்துப் போடுகிறேன். சேலத்திலிருந்து வந்த ஒரு பையன், தங்கமான கை, போன மாதம் இதையே செய்தான். கையெழுத்துப் போடவில்லை. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை, எல்லாம் நான் போட்ட முகம்தான்.

போன வருடம் லீவில் போயிருந்தபோது அம்மாவுக்கு சர்க்கரை தாறுமாறாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இருபத்திரண்டு வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு, தலையில் பூ, வாசலில் மூன்று கேஸ் ஷீட்டோடு மூன்று பேர் நிற்கிறார்கள். அம்மாவின் கையை எடுத்தாள். பெயர் சொல்லவில்லை, கேட்கவில்லை. அம்மா "இரும்மா, இரு" என்றாள். எனக்கு வாய் வரை வந்துவிட்டது. அந்தப் பெண் வாசலைப் பார்த்தாள், நரம்பைப் பார்த்தாள். நான் அம்மாவின் மற்ற கையைப் பிடித்துக்கொண்டு, "எறும்பு கடிக்கிற மாதிரிதாம்மா இருக்கும்" என்றேன்.

முடிந்தது. அழகாகப் போட்டாள். அவள் போன பிறகு அம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நல்ல கைராசிடி இந்தப் பிள்ளைக்கு. நீயும் அங்க இப்படித்தான போடுவ?"

"கேட்டுட்டுப் போடுவேம்மா."

"ஊசி போடுறதுக்கு என்னத்தடி கேக்குறது?"